வெற்றிலைப் பையில் இருந்த குளிசைகள்

தோட்டத்து ஆட்கள் குளிசையை, வலி மாத்திரையை, மிட்டாய் மாதிரி விழுங்குகிறார்கள் என்று மாத்தளையில் ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பேசினார். அறியாமை என்றார். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

விழுங்கினோம், உண்மைதான். நானும் விழுங்கினேன், என் அக்காவும் விழுங்கினாள். ஏன் விழுங்கினோம் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கேட்காதவருக்கு நானே சொல்கிறேன். எனக்கு நாசூக்காக எழுத வராது. நடந்தது நடந்தபடிதான் வரும்.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்காவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். தொண்ணூறுகளின் நடுவில், யுத்த காலம். அக்காவின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். ரோட்டில் சோதனை, பொலிஸ் பதிவு என்று பயந்து தீபாவளிக்கும் சித்திரைக்கும் மட்டும்தான் வருவார். வரிசை வீடுகள் உள்ள லயத்தில் இரண்டு பிள்ளைகளோடு அக்காவுக்கு ஒரு அறை, ஒரு காம்பரா, எனக்குப் பக்கத்துக் காம்பரா.

காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, நாள் சம்பளம் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கழுவி, ரொட்டி சுட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். சுட்ட ரொட்டியைத் தின்ன நேரம் இருக்காது. பாலில்லாத தேத்தண்ணி, சாயத்தண்ணியை மட்டும் நின்றபடி குடித்துவிட்டு ஓடுவோம். ரொட்டி பத்து மணிக்கு மலையில்தான். எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் போடுவார்கள். கூடைக்கயிறு நெற்றியை அறுக்கும். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு வலி பலகை மாதிரி நிற்கும். அந்தப் பலகையோடு முழுப்பேர் எடுக்க முடியாது. அதனால் சாயத்தண்ணியோடு ஒரு குளிசை. எங்களுக்குக் காலைச் சாப்பாடே அதுதான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாப் பெண்களின் இடுப்பிலும் வெற்றிலைப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அதற்குள் குளிசையும் இருந்தது. ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் பக்கத்து வரிசைக்காரி பையைத் திறந்து வெற்றிலை கொடுப்பாள், வெற்றிலை மேலே ஒரு குளிசை வைப்பாள். வெற்றிலையை மறுத்தால் பகை. குளிசையை மறுத்தாலும் பகைதான். நீ எனக்கு இன்று கொடுத்தால் நான் உனக்கு நாளைக்குத் தர வேண்டும். அதனால் எல்லார் பையிலும் எப்போதும் குளிசை இருக்க வேண்டும்.

குளிசைக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம். செங்கல் நிறத்தில் சின்னதாக ஒன்று, அது மழைக் குளிசை. மழையில் நனைந்து இடுப்பு நாரி பிடித்தால் அதுதான் கேட்கும். ரோஸ் நிறத்தில் ஒன்று, தலைக்கும் கைக்கும். வெள்ளையில் தண்ணீரில் போட்டால் கரைகிறது ஒன்று, மாதவலிக்கு. நடுவில் கோடு போட்ட பெரிய வெள்ளை ஒன்றும் இருந்தது. அதைப் பச்சைப்பிள்ளைக் குளிசை என்று சிரிப்போம். மெதுவாகத்தான் கேட்கும், அதனால் அதற்கு மரியாதை இல்லை. எல்லாம் சந்திக் கடையில் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிப் பழைய பேப்பரில் சுற்றித் தருவது. பேர் எழுதியிருக்கும் பக்கம் வெட்டும்போதே போய்விடும்.

அக்கா காலையில் தன் பையிலிருந்து ஒரு மழைக் குளிசை போடுவாள். பத்து மணிக்கு, பக்கத்து வரிசையில் எடுக்கும் பெரியம்மா ஒரு ரோஸ் கொடுப்பார். சொந்தப் பெரியம்மா இல்லை, வயதில் மூத்தவர், எல்லோருக்கும் பெரியம்மா. பின்னேரம் வேறு யாராவது கரைகிற வெள்ளையைக் கொடுப்பார்கள். கேட்டால் அக்கா, "நான் ஒண்ணுதானே போட்டேன்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் கணக்கே அப்படித்தான். ஒருத்தியிடம் ஒன்று வாங்கினால் ஒன்று. மூன்று பேரிடம் வாங்கினாலும் ஒவ்வொருவரிடமும் ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை விடவில்லை. கொழுந்து பொங்கியது. அக்கா வெளுத்துப்போனாள். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கினாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த மருந்தையா கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரெத்தம் இல்ல. கீரை தின்னு" என்று சொல்லி இரத்தக் குளிசை ஒரு பொட்டலம் கொடுத்தார். "இதப் போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகும். பயப்படாதே." அவர் சொன்னது சரி. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அதே குளிசைதான், கறுப்பாகப் போவது எங்கள் லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வேறு என்ன குளிசை போடுகிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மலையில் போடுவதை நாங்கள் மருந்து என்றே நினைக்கவில்லை.

சில நாளில் அக்காவுக்குக் கறுப்பாகப் போனது. தார் மாதிரி, ஒட்டுகிற மாதிரி, கெட்ட வாடையோடு. அவளே சொன்னாள். "ரெத்தக் குளுச வேல செய்யுதுடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கும்.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் பத்து மணிக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அக்கா கூடையை இறக்கினாள். இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் காகிதம் மாதிரி. கங்காணி எட்டிப் பார்த்தார்.

"என்ன, தலைச்சுத்தா? கூட்டிட்டுப் போயிப் படுக்கவை. அரைப்பேர் போட்டுக்கிறேன்."

தோளில் சாய்த்து லயத்துக்குக் கொண்டுவந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். காலைக்குரிய இரத்தக் குளிசையைப் போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்து, கொடுக்கலாம் என்று தேடினேன். அரிசி வைக்கிற தட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. திறந்தேன். பொட்டலம் நிறைய அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அக்கா, இது என்னா?"

"கோவிச்சுக்காதடி. துருப்புடிச்ச கம்பிய நக்குன மாதிரி இருக்கு. ஒண்ண வாயில வச்சேன், துப்பிட்டேன்."

"ஒண்ணுமே போடலையா?"

"இல்ல."

"அப்ப ஏன் கறுப்பாப் போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இதற்குப் படிப்பு வேண்டாம். கறுப்புக்குச் சொன்ன காரணம் டின்னுக்குள் இருந்தது. அப்படியானால் வேறு காரணம் அவள் வயிற்றுக்குள் இருந்தது.

டின்னையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மருந்தையா பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அக்காவ மாத்தளைக்குக் கொண்டு போகணும். லொறிக்குத் துண்டு எழுதிக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"தார் மாதிரிப் போகுதுங்க. எந்திரிக்க முடியல."

"ரெத்தக் குளுச போட்டா அப்படித்தான் போகும்னு அன்னைக்கே சொன்னேன்ல? இதுக்கெல்லாம் லொறி கேக்குறியா?"

டின்னை மேசையில் கவிழ்த்தேன். குளிசைகள் அவர் பத்திரிகை மேலே உருண்டன.

"எண்ணிக்கிங்க. ஒண்ணுகூட போடல. இப்ப சொல்லுங்க, எது கறுப்பாப் போகுது?"

அவர் முகம் சிவந்தது. "குடுத்த மருந்தப் போடாம ஒளிச்சு வச்சிட்டு எங்கிட்ட சண்டைக்கு வாறியா? என்னா திமிர் ஒனக்கு! நாளைக்குக் கூட்டிட்டு வா, பாக்கிறேன்."

"நாளைக்கு நீங்க பாக்க அவ இருக்கணும்."

அவர் அனுமதித் துண்டு தரவில்லை. துண்டு இல்லாமல் தோட்டத்து வாகனத்தில் நோயாளியை ஏற்றக்கூடாது, அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவன் வீட்டு வாசலில் கார் நிற்கும். எங்கள் வாசலில் நின்றது கொழுந்து லொறி. நிறுத்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு லயத்துக்குக் கீழே வந்த லொறியை நான் நடு ரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் சிங்களவர். அக்கா சாகக் கிடக்கிறாள் என்று கத்தினேன். எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"நகின்ன, நங்கி," என்றார். ஏறு தங்கச்சி என்று. அவரே லயத்துக்குள் வந்து அக்காவைத் தூக்கிக் கொழுந்து மேலே கிடத்தினார். துண்டு இல்லை என்று சொன்னேன். துண்டு எதற்கு, உயிருக்கா என்று கேட்டார். பேக்டரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இரத்தோட்டை பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கே போ, அங்கேதான் இரத்தம் ஏற்றுவார்கள் என்று சொல்லி மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதற்காக அவர் ஒரு வாரம் வேலையில்லாமல் நிறுத்தப்பட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவால் இறங்க முடியவில்லை. ஒரு சிப்பாய் உள்ளே ஏறினான். அடையாள அட்டை கேட்டான். என்னிடம் இருந்தது, அக்காவுடையதை லயத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவன் பார்வை மாறியது. அக்காவின் இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையைக் காட்டி அவிழ்க்கச் சொன்னான். ஸீட்டில் கொட்டினேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி. பேப்பர் பொட்டலம் பிரிந்து செங்கல் நிறம், ரோஸ், வெள்ளை என்று ஒரு கைப்பிடி குளிசை சிதறியது.

அந்தக் காலத்தில் ஒரு தமிழச்சி பேரில்லாத மருந்தை மூட்டையாகக் கொண்டுபோனால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மருந்து புலிகளுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

"மே மொன பெஹெத்த?" என்றான். இது என்ன மருந்து?

"தன்னே நே, சேர்," என்றேன். தெரியாது.

அவன் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறாய், தினமும் தின்கிறாய், பேர் தெரியாது என்கிறாய். ஆனால் அதுதான் உண்மை. வெட்கக்கேடான உண்மை. அவன் துப்பாக்கிக்கு நான் பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் அதைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கூசவைத்தது.

அந்த நேரம் அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தாள். கோப்பித்தூள் கலந்த தண்ணீர் மாதிரி. சிப்பாயின் சப்பாத்தில் தெறித்தது. அவனுக்கு இருபது வயது இருக்குமா? அவன் முகமும் வெளுத்தது. குனிந்து குளிசைகளைத் தானே பொறுக்கிப் பைக்குள் போட்டான். "தொஸ்தரட்ட பென்னன்ன" என்றான். டொக்டரிடம் காட்டு என்று. பிறகு வெளியே பார்த்துக் கத்தினான். பஸ் உடனே கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா முதலில் கேட்டதும் அதே கேள்விதான். என்ன மருந்து போட்டாள்? நான் பையை மேசையில் கவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நர்ஸைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது. வயிற்றுக்குள் புண், அது இரத்தம் கக்குகிறது, அந்த இரத்தம்தான் கறுப்பாகப் போகிறது. இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். தப்புவாளா என்று கேட்டேன். "ஹெட்ட கியன்னம்," என்றார். நாளைக்குச் சொல்கிறேன்.

நாளைக்கு என்று மருந்தையாவும் சொன்னார். ஆனால் இந்த அம்மா அந்த நாளை வரைக்கும் என் அக்காவின் கட்டில் பக்கத்தை விட்டு அதிகம் நகரவில்லை. வித்தியாசம் இருக்கிறது.

மறுநாள் காலை அக்கா கண் திறந்து பிள்ளைகளைக் கேட்டாள். லயத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். நான் வெளியே வந்து, மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம் நானா, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டிருந்தார். குளிசைகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினேன்.

"நானா, இதுகளுக்குப் பேர் சொல்லுங்க."

"என்ன தங்கச்சி இது, பாசிமணி விக்கிறீங்களா?"

"சிரிக்காதீங்க. இதத் தின்னுதான் என் அக்கா ஆஸ்பத்திரியில கெடக்குறா."

அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு செங்கல் நிறக் குளிசையைத் தள்ளினார். "இது டைக்ளோபெனக். இது டொக்டர் எழுதித்தான் எடுக்கணும், கடையில சும்மா தாறது பிழை. இந்த ரோஸ் இப்யூபுரூபன். கரையிற வெள்ளை அஸ்பிரின். நிறம்தான் வேற தங்கச்சி. மூணும் ஒரு உம்மா பெத்த புள்ளைகள். வலியையும் எடுக்கும், வயித்தையும் திண்டுடும். ஒண்டு போட்டா இன்னொண்டு போடவே கூடாது. வெறும் வயித்துல கூடவே கூடாது."

"மூணையும் ஒரே நாளுல போட்டா?"

"அல்லாவே! போட்டாவா?"

"தெனமும்."

அவர் மூன்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு கோடு போட்ட பெரிய வெள்ளையைத் தனியாக எடுத்தார். "இதுதான் பரசிட்டமோல். வயித்தத் தின்னாது. முதல்ல இதத்தான் போட்டுப் பாக்கணும்."

நாங்கள் சிரித்த பச்சைப்பிள்ளைக் குளிசை!

"ஆனா இதுக்கும் அளவு இருக்கு. பெரியாளுக்கு ஒரு தரத்துக்கு ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போனா ஈரல் போயிடும். தடிமன், சளிக் குளிசையிலயும் இதே மருந்து இருக்கும், ரெண்டையும் சேத்துப் போட வேணாம். ஈரல் வருத்தக்காரங்களும் சாராயம் குடிக்கிறவங்களும் கேட்டுத்தான் போடணும். மத்த மூணும் வயித்துப் புண், தொய்வு இழுப்பு, கிட்னி வருத்தம், புள்ளத்தாச்சி, இவங்களுக்கு டொக்டர்ட கேக்காமக் குடுக்கவே கூடாது. அக்காவுக்கு இனி அந்த மூணும் வேணாம். மறந்தும் வேணாம். மூணு நாளாகியும் வலி போகாட்டி குளிசைய விட்டுட்டு டொக்டர்ட போங்க."

"இதெல்லாம் ஏன் நானா விக்கிறப்ப சொல்றதில்ல?"

"யாரும் கேக்கல்லயே தங்கச்சி."

"கேக்கத் தெரியாதவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்."

அவருக்குச் சுருக்கென்றது. நான் அதற்காகத்தான் சொன்னேன். நாலு சின்னக் கவரை எடுத்து, நாலிலும் தமிழில் பேர் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிக் குளிசை போட்டுத் தந்தார். அளவும் எழுதினார். அந்தக் கவர்கள் கிழிந்து நூலாகும் வரைக்கும் என்னிடம் இருந்தன.

அக்கா பத்து நாளில் வீட்டுக்கு வந்தாள். நான் அதற்கு முன்னமே மலைக்குப் போய்விட்டேன். முதல் நாளே கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாப் பெண்களையும் பையைத் திறக்கச் சொன்னேன். "யாருடி நீ, ஆமிக்காரனா சோதன போட?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமிக்காரன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். பை பையாகத் திறந்தார்கள். கவரை வைத்து ஒப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தி பையில் நானா சொன்ன அந்த மூன்றும் ஒன்றாகக் கிடந்தன.

பெரியம்மாதான் அழுதார். "அப்ப நான் வெசமாடி குடுத்தேன்? வலிக்குதுன்னுதானே குடுத்தேன்?"

"வலிக்குதுன்னுதான் குடுத்தீங்க. என்னா குடுத்தீங்கன்னு தெரியாமக் குடுத்தீங்க. நானும் அப்படித்தான் குடுத்தேன்."

அவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். நிறுத்தட்டும் என்று விட்டேன்.

சந்திக் கடைக்காரரிடம் போய், இனிமேல் பேர் உள்ள பக்கத்தை வெட்டாமல் அட்டைத் துண்டோடு கொடுக்கச் சொன்னேன். பேரோடு வேண்டுமென்றால் முழு அட்டைதான் தரலாம், துண்டு தரமுடியாது என்றார். சரி, நாலு பேர் சேர்ந்து அட்டையாகவே வாங்குகிறோம், பேரோடு கொடு என்றேன். செங்கல் நிறக் குளிசையை இனி எங்கள் லயத்துக்கு விற்றால் எல்லோரும் இரத்தோட்டைக்குப் போய்ச் சாமான் வாங்குவோம் என்றும் சொன்னேன். அது அவருக்கு நன்றாகப் புரிந்தது.

கஷ்டமானது பிரட்டுக்களம். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்றால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். நேரம் தரமாட்டார்கள். அதனால் நாங்கள் நேரம் எடுத்தோம். ஒரு காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

கங்காணி கத்தினார். "ஏய், என்ன இது, கல்யாண வீடா? மலைக்கு ஏறுங்க!"

"தின்னுட்டு ஏறுறோம்."

"பத்து மணிக்குத் தின்னுங்க!"

"பத்து மணிக்குத் தின்னதுலதான் எங்க அக்கா ரெத்தம் கக்குனா."

"நீ என்ன டொக்டரம்மாவா?"

"டொக்டரம்மாவா இருந்தா ஒங்ககிட்ட பேசிக்கிட்டு நிப்பேனா?"

பெண்கள் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தார்கள். ஒரு ரொட்டி தின்ன எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கத்தி முடிக்கும் முன்னால் தின்று முடித்துவிட்டோம். அன்றைக்கு என்னோடு சேர்த்து நாலு பேருக்கு அரைப்பேர் போட்டார். மறுநாளும் தின்றோம். அதற்கு மறுநாளும். பிறகு அவருக்குத் தொண்டை வலித்தது. என்ன குளிசை போட்டாரோ, நான் கேட்கவில்லை.

அக்கா மூன்று மாதம் கழித்துத்தான் கூடை எடுத்தாள். முதல் நாள், பழைய இடத்தில், பெரியம்மாவின் பக்கத்து வரிசையில் நின்றாள். பத்து மணிக்கு முன்னாலேயே இடுப்பில் கை வைத்துவிட்டாள். பெரியம்மா பார்த்தார். பழக்கம் விடவில்லை. பையைத் திறந்து வெற்றிலை எடுத்து, மேலே ஒரு ரோஸ் குளிசை வைத்து நீட்டினார். மலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா சண்டைக்காரி இல்லை. அவள் ஆயுளில் யாருடைய வெற்றிலையையும் மறுத்ததில்லை. வெற்றிலையை எடுத்து மடித்தாள். குளிசையைப் பெரியம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

"வெத்தல போதும் பெரியம்மா."

"எல்லார் முன்னாலயும் என்ன அவமானப்படுத்திட்ட."

"இருக்கட்டும் பெரியம்மா," என்றாள் அக்கா. "நான் உசுரோட இருக்கேன்ல."

வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். இடுப்பு வலித்ததா என்று சாயங்காலம் கேட்டேன். வலித்ததாம்.